மறு: படியெடுப்புப் பிழைக்கு ஒரு சொல் - 'முரண்' போதாது

அன்பர்களுக்கு,

மூலத் தரவுத்தளத்தின் மாற்றங்களை அதன் நகலான படித்தளத்துக்கு அனுப்புவது படியெடுப்பு (replication). ஒரே நேரப்பணி இரண்டு தளத்திலும் ஓடுவதால் அதில் வரும் பிழைக்குத்தான் நாம் தமிழ்ச் சொல் தேடுகிறோம். திங்கட்கிழமை மட்டக்களப்பில் தரவுத்தள வகுப்பு. பாடக்குறிப்பு ஞாயிறு மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

கல்முனை அன்பரின் 'பிரதிப்பணி முரண்' எனக்கு ஒப்பவில்லை. வடமொழி என்பதற்காக அல்ல. பிரதி அதிபர், பிரதிப் பணிப்பாளர் என்று கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் 'துணை' என்று பொருள் கொள்வார்கள். காரைதீவு ஐயாவின் 'தவணைப்பணி' அழகுதான். ஆனால் இங்கே தவணை என்றால் பள்ளித் தவணையும் அதன் பரீட்சையும்தான் நினைவுக்கு வரும். 1936இல் சென்னைக் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் ஊர்க்காரர் அவர். தூய்மையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது தெரியும். நகலைக் குறிக்கும் சுவடிக்காலத்துப் 'படி' என்ற சொல்லை அவர் மீட்டுத் தந்ததற்கு நன்றி. படிதல், படிவம், படிமம் என்று அவர் வேர் தேடிய மூன்று மடல்களையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

என் வழக்கு 'முரண்' மீதுதான். நடப்பது இது: நள்ளிரவில் மூலத்தளத்தில் ஒரு பணி நாள்முடிவு வரிசையை (row) எழுதுகிறது. கணினியை அப்படியே படியெடுத்தபோது குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் கிரான் (cron) பட்டியலும் கூடவே போய்விட்டதால், படித்தளத்திலும் அதே பணி அதே வரிசையை எழுதிவிடுகிறது. பிறகு மூலத்திலிருந்து வரும் வரிசை முதன்மைச் சாவியில் (ஒரு வரிசைக்கு ஒன்றே இருக்க வேண்டிய அடையாளம்) இடிக்கிறது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் (MySQL) 1062, அதாவது இரட்டைப் பதிவு, என்று பிழை காட்டிப் படியெடுப்பை நிறுத்துகிறது. அழிக்கும் பணியானால் 1032, அதாவது அழிக்க வேண்டிய வரிசையைக் காணோம். மைஎஸ்கியூஎல் தன் சொந்த நேரப்பணிகள் படியெடுப்பு வழியாக வந்தால் அவற்றைப் படித்தளத்தில் தானே முடக்கிவைக்கும். வெளியே இருக்கும் கிரானை அது அறியாது. படித்தளத்தை வாசிப்பு மட்டும் என்று பூட்டினாலும், பணி உச்ச உரிமையுள்ள பயனராக நுழைந்தால் சாதாரணப் பூட்டு தடுக்காது.

முரண் என்று மட்டும் படித்த மாணவர் அந்த ஒரு வரிசையைத் தாண்டவிட்டுப் போய்விடுவார். மறுநாள் இரவும் அதே இடி. சொல் காரணத்தைக் காட்ட வேண்டும். அதனால்தான் 'இருதலைப்பணி' என்கிறேன். இருதலைக் கொள்ளியை அறியாத தமிழர் இல்லை. இரண்டு முனையிலும் எரிவதை ஒரு முனையில் அணைக்க வேண்டும் என்பது உடனே விளங்கும். இலக்கியச் சுமை அதிகம் என்று அக்கரைப்பற்று ஆசிரியை சொல்கிறார். அந்தச் சுமைதான் பொருளைத் தாங்குகிறது.

பெரும்பாலோர் களைத்துப்போய்ப் 'படிமுரண்' என்பதில் நின்றுவிட்டீர்கள். அச்சில் அதுவே வரட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கரும்பலகையில் நான் இருதலைப்பணி என்றுதான் எழுதப்போகிறேன்.