சூழல்காப்புக் கடன்மாற்று: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

ஒரு நாடு தன் கடன்சுமையைக் குறைத்து மாற்றியமைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக இயற்கையைக் காக்க உறுதியளிக்கும் ஏற்பாடு 'டெப்ட் ஃபார் நேச்சர் ஸ்வாப்'. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகக் 'கடன்-இயற்கைப் பரிமாற்றம்' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த சொல் என்னை உறுத்துகிறது. பரிமாற்றம் என்றால், கடனுக்கு ஈடாகக் காட்டையும் கடலையும் கடன் கொடுத்தவரிடமே ஒப்படைத்துவிடுவதாகப் பொது வாசகர் பொருள்கொள்வார். 2020இல் வாகாஷியோ கப்பலின் எண்ணெய் பரவியபோது, கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை கட்டித் தடுக்க முனைந்தவர்கள் எங்கள் மொரிசியசு மக்கள். கடல் கைமாறுகிறது என்ற எண்ணத்தை அவர்களிடம் ஒரு கலைச்சொல் விதைக்கக் கூடாது.

நடப்பது வேறு. நடு அமெரிக்க நாடான பெலீசு 2021இல், ஏறத்தாழ 55.3 கோடி டாலர் மதிப்புள்ள பழைய கடன்பத்திரத்தை டாலருக்கு 55 சென்ட் விலையில் திரும்ப வாங்கியது. அதற்குரிய பணத்தைப் புதிய கடனாகப் பெற்றது. அதற்கு ஈடாகக் கடல்வளப் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவும், தன் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் காக்கவும் உறுதியளித்தது. எங்கள் அண்டைத் தீவு நாடான சீசெல்சு இவ்வழியில் முன்னரே, 2016இல், 2.16 கோடி டாலர் கடனை மாற்றியமைத்து, 2020இல் தன் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் காக்கும் இலக்கை எட்டிவிட்டது. இரு நாடுகளிலும் கடலின் உரிமை எவரிடமும் போகவில்லை. மாறியவை கடனும் அதனுடன் வந்த கடமையுமே.

மற்றொரு நண்பர் தந்த 'பசுமைக் கடன்மீட்பு' எனக்குப் பிடித்திருந்தது, அடகு நகையை மீட்பது போன்ற நிறைவு அதில் உண்டு. ஆனால் இந்தியாவில் கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்பது கடன் கொடுத்த வங்கி தன் பணத்தை வசூலிக்க நாடும் இடம். ஒரே சொல் இரு எதிர்த்திசைகளில் இழுக்கப்படுவது கலைச்சொல்லுக்கு ஆகாது.

ஆகவே 'சூழல்காப்புக் கடன்மாற்று' என்பதை முன்வைக்கிறேன். மாற்றப்படுவது கடன் என்பதும், எதன் பொருட்டு என்பதும் சொல்லிலேயே நிற்கின்றன. முன்னொட்டை மாற்றினால் கல்விக் கடன்மாற்று, காலநிலைக் கடன்மாற்று ஆகியவையும் இயல்பாகப் பிறக்கும்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சந்தையில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கும் வெளிக்கடனோ, விட்டுக்கொடுக்க இசையும் கடன்கொடுநரோ இருந்தால்தான் இக்கருவி பெரும் பயன் தரும். மொரிசியசின் பொதுக்கடனில் பெரும்பங்கு உள்நாட்டில் ரூபாயில் திரட்டியது. அதைத் தள்ளுபடி செய்தால் இழப்பு எங்கள் ஓய்வூதிய நிதிகளுக்கும் வங்கிகளுக்குமே நேரும். மின்சாரத்தில் 60 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறும் எங்கள் இலக்குக்கு, கரும்புச் சக்கை மின்நிலையங்கள் ஏற்கெனவே இருந்தும், பெருமுதலீடு வேண்டும்; அதற்கு, சூழலுக்கு உகந்த திட்டங்களுக்காகப் புதிதாகக் கடன் திரட்டும் பசுமைப் பத்திரமே பொருத்தமான கருவி என்பது என் கருத்து. கடன்மாற்று, பசுமைப் பத்திரம் இரண்டையும் ஒரே பதிவில் கலக்காமல் தனித்தனிச் சொற்களாகப் பதிவிடக் கோருகிறேன்.

'கடன்மாற்று' என்பதைச் சேர்த்து எழுதுவதில் எவருக்கேனும் மறுப்பு இருந்தால் தெரிவியுங்கள்.