பான்ஷீ குவாட் பைக்குக்கு ஸ்பார்க் ப்ளக் நம்பர் 8-ஆ 9-ஆ? கூட என்னென்ன ஸ்பேர் வேணும்?

அண்ணன்மாரே, ஷார்ஜா பிதாயர் பக்கம் மணல்ல குவாட் (நாலு சக்கர பைக்) ஓட்டுறவங்க இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. வண்டி யமஹா பான்ஷீ 350, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், பல கை மாறி வந்த பழைய வண்டி. இப்ப போட்டிருக்கறது என்ஜிகே கம்பெனி பிஆர்8இஎஸ் ப்ளக் (8 நம்பர்), பொறி பறக்குற கேப் 0.7 மிமீ. மேடு ஏறும்போது நல்லா இழுக்குது, ஆனா மெதுவா உருட்டிட்டு வந்தா வலது ப்ளக் மட்டும் கருப்பா ஈரமா எண்ணெய் பிசுக்கோட வருது, இடது பக்கம் அழகா காபித்தூள் கலர். வெயிலுக்கு 9 போடுன்னு ஒருத்தர் சொல்றாரு, என்ஜிகேல நம்பர் ஏற ஏற கூல் ப்ளக்தானே (சூட்டை சீக்கிரம் வெளிய தள்ளுறது), அப்ப இன்னும் சீக்கிரம் நனையாதா? கிளட்ச் பக்க (வலது) க்ராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் தேஞ்சு கியர் ஆயில் உள்ள போகுதோன்னும் பயமா இருக்கு, லீக் டெஸ்ட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருக்காங்களா?

பைல இப்போதைக்கு ரெண்டு புது ப்ளக், ப்ளக் ஸ்பேனர், 520 செயினுக்கு லாக், பஞ்சர் கிட், கயிறு, 2டி ஆயில் (பெட்ரோல்ல கலக்கறது), தண்ணி நிறைய. கிளட்ச் கேபிளும் சேர்க்கணுமா? இரிடியம் ப்ளக்குக்கு காசு போடலாமா, சாதாவே ரெண்டு செட் வாங்கி வச்சுக்கலாமா?