முதுகு ஊசி எதற்கு? குடும்பக் குழுவில் ஓர் இரவு

கவிதா, 8:12
நிலாவின் ரத்தப் புற்றுநோய்க்கு எடுத்த எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்று செல் எதுவும் தென்படவில்லை, ரெமிஷன், அதாவது நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

சேகர் மாமா, 8:13
கடவுளே! என் தங்கம். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லையம்மா.

கவிதா, 8:17
எனக்கும் அப்படித்தான் மாமா. ஆனால் நாளைக்கு மறுபடியும் முதுகில் ஊசி. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்தாம். ரத்தம் சுத்தம் என்றால் அப்புறம் எதற்கு இது? போன தடவை என் கையை விடவே இல்லை அவள். ஒரு தடவை மட்டும் தள்ளிப்போடச் சொல்லட்டுமா?

சேகர் மாமா, 8:18
பிள்ளை கொஞ்சம் தேறட்டுமே. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

மீனாட்சி சித்தி, 8:20
அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள். கவிதா, நீயாகத் தள்ளிப்போடக் கேட்காதே. தள்ள வேண்டியிருந்தால் டாக்டரே சொல்வார். இரு, பெரிதாக ஒன்று எழுதுகிறேன்.

மீனாட்சி சித்தி, 8:34
குழந்தைகள் வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம், டொனால்ட் பிங்கல் என்ற டாக்டரைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் 1962-இல் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தபோது அதன் முதல் இயக்குநர் அவர். அப்போது நிலாவுக்கு வந்த அதே நோய் வந்தால் நூற்றில் நான்கு குழந்தைகள் தேறினாலே அதிகம்.

மருந்து இல்லாமல் இல்லை. 1948-லேயே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியது. அந்த மருந்தைச் செய்து கொடுத்தது நம் ஆந்திராவில் பிறந்த எல்லாப்ரகடா சுப்பாராவின் ஆய்வுக்கூடம். ஆனால் அடங்கிய நோய் சில மாதங்களில் திரும்பிவிடும்.

ஏன் திரும்புகிறது என்பதுதான் பிங்கலின் கேள்வி. ரத்தமும் மஜ்ஜையும் சுத்தமாக இருக்கும்போதே மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் புற்று செல்கள் ஒளிந்திருக்கும். ரத்தத்தில் ஏற்றும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. நோய் மறுபடி கிளம்புவது பல பிள்ளைகளுக்கு அங்கேயிருந்துதான்.

அதனால் அறிகுறி வருமுன்பே அந்த இடத்தைத் தாக்கினார். தலைக்குக் கதிர்வீச்சு, மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஓடும் நீரில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்று மருந்து (நிலாவுக்குப் போடுவது போன்ற முதுகு ஊசி), பிறகு வருடக்கணக்கில் பல மருந்துகள் சேர்த்து. முதல் நான்கு ஆய்வுகளில் நினைத்தது கிடைக்கவில்லை. 1967-இல் ஆரம்பித்த ஐந்தாவதில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். பாதி! குணப்படுத்த முடியாத நோய் என்று பெரிய டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அருண், 8:39
சித்தி, தலைக்குக் கதிர்வீச்சா? அது பின்னால் படிப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கும் என்று படித்தேனே.

மீனாட்சி சித்தி, 8:44
ஆமாம்டா, பாதித்தது. பிழைத்த பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் அது முழுவதும் தெரிந்தது. அதனால் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அதே மருத்துவமனையில் சிங்-ஹோன் புய் என்பவரின் குழு எல்லாக் குழந்தைகளுக்கும் அது இல்லாமலேயே சிகிச்சை செய்து 2009-இல் முடிவை வெளியிட்டது. தலையைக் காப்பாற்ற அவர்கள் நம்பியது கீமோவையும் இந்த முதுகு ஊசியையும்தான்.

கவிதா, 8:46
அப்படியானால் நிலாவுக்குக் கதிர்வீச்சு வேண்டாம் என்று டாக்டர் சொன்னது?

மீனாட்சி சித்தி, 8:47
இந்த ஊசி ஒழுங்காகப் போகிறது என்ற தைரியத்தில்தான். அதனால்தான் தள்ளிப்போடாதே என்றேன்.

சேகர் மாமா, 8:50
தெரியாமல் சொல்லிவிட்டேனம்மா. காலையில் வண்டி நான் எடுத்து வருகிறேன்.

கவிதா, 8:53
ஆறரைக்கு வாருங்கள் மாமா. மயக்க மருந்து கொடுப்பதால் அவள் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், சீக்கிரம் போனால் முதல் ஆளாக முடித்துவிடுவார்கள்.

மீனாட்சி சித்தி, 8:54
முடிந்ததும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து படுக்கச் சொல்வார்கள், எழுந்து ஓட விடாதே. நானும் வருகிறேன், அவள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.