அடிபட்டது என் தப்புதான்

தெருவில் படுத்திருப்பவர்களுக்கு மருந்து கொடுக்கப் போனால் பயமாக இருக்காதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் மூன்று பேர் கிளம்புவோம். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, ஆட்டோ ஓட்டும் நண்பர், மருந்துக்கடையில் வேலை பார்த்த நான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தில் தொடங்கி, டவுன்ஹால் ரோட்டுக் கடை வாசல்கள் வழியாகக் கடைசியில் வைகை ஆற்றங்கரை யானைக்கல்.

முதல் மாதமே அடி வாங்கினேன். மூடிய கடையின் ஷட்டரை ஒட்டி ஒரு பெரியவர் படுத்திருந்தார். காலில் சுற்றிய துணி நனைந்து நாற்றம் அடித்தது. குனிந்து தோளைத் தட்டியதுதான் தெரியும், அவர் தலைமாட்டில் இருந்த தூக்குச்சட்டி என் நெற்றியில் இறங்கியது. மூன்று தையல்.

உதவி செய்யப் போனவனுக்கு இதுதான் மரியாதையா என்று ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். அந்த முக்கில் டீக்கடை வைத்திருப்பவர்தான், "நீங்க ஏன் தம்பி தலைமாட்டுல போய் நின்னீங்க?" என்று கேட்டார். ராத்திரியில் அங்கே வந்து குனிகிறவன் மடியை பிளேடால் அறுக்க வந்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் லத்தியால் தட்டி விரட்ட வந்தவனாக இருப்பான். என் பையில் மருந்து இருப்பது இருட்டில் அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது கால்மாட்டில் இரண்டு எட்டு தள்ளி நிற்கிறோம். டார்ச்சை எங்கள் முகத்தில்தான் அடித்துக்கொள்வோம். "அய்யா, டீ சாப்பிடுறீங்களா?" என்றுதான் ஆரம்பம், மருந்துப் பேச்சு அப்புறம். மூட்டையைத் தொடுவதில்லை, அவருக்கும் மூட்டைக்கும் நடுவில் உட்காருவதும் இல்லை. கூட நாய் படுத்திருந்தால் முதல் பொறை அதற்கு. கூப்பிட்டும் அசையாதவரைச் சரக்கு என்று விட்டுப் போவதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், சில சமயம் சர்க்கரை 70க்குக் கீழே கிடக்கும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். உடனே 108தான்.

அந்தப் பெரியவர் இரண்டு வாரம் கழித்துத் தானாகவே காலை நீட்டினார். பல வருஷத்துச் சுகர், பாதத்தில் உணர்ச்சியே இல்லை. ராத்திரி எலி கடித்திருக்கிறது, விடிந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதும், "மூட்டைய யார் பாத்துக்குவா?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. ஆட்டோக்காரர் ஒன்பது நாள் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.

•

அண்ணே, நானும் வேறொரு குழுவோடு இப்படி மருந்து கொடுக்கப் போகிறவள். நீங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. ராத்திரி பத்து மணிக்குப் போனால் உங்களுக்குப் பெண்கள் அதிகம் கண்ணில் பட மாட்டார்கள். பலர் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். தூக்கமெல்லாம் பகலில்தான். அதனால் நாங்கள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போகிறோம்.

சளிக்கு ஓர் அக்காவுக்கு செட்டிரிசின் கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் அட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதப் போட்டா கண்ணு சொருகுது. தூக்கம் வராம இருக்க மாத்திரை இருந்தா குடு தாயி." எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும் என்பதை இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிந்தவரை வேறு மாத்திரை தரப் பார்க்கிறேன்.

தங்குமிடத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். நகரத்தில் லட்சம் பேருக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் நூறு பேராவது தங்க இடம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டம் வைத்திருந்த கணக்கு. 2011லேயே பத்து லட்சத்தைத் தாண்டிய மதுரைக்கு அப்படிப் பார்த்தால் ஆயிரம் பேருக்காவது இடம் வேண்டும். இடம் இருந்தாலும் புருஷனை ஒரு பக்கம், பெண்டாட்டியை ஒரு பக்கம் பிரித்து வைப்பார்கள் என்று வர மறுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

•

நானும் இப்படி மருந்து கொடுக்கப் போவதுண்டு அண்ணே, நான் யானைக்கல் கதை சொல்கிறேன். தரைப்பாலத்தை ஒட்டி ஆற்றுக்குள்ளேயே படுக்கிறவர்களுக்குத் திருடனைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. வைகை அணையின் உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. எச்சரிக்கை நம் போனுக்கு வந்துவிடும், ஆற்றுக்குள் கிடப்பவரிடம் போன் கிடையாது. எனவே 66 என்று செய்தி பார்த்த அன்றே மருந்துப் பையை வைத்துவிட்டு, சொல்லிவிட்டு வரப் போவோம்.

ஒரு ஐப்பசியில் அப்படிப் போனபோது ஒருவர் எழுந்திரிக்கவே மாட்டேன் என்றார். "அழகருக்குத் தொறந்த தண்ணியவே வருசா வருசம் பாக்குறேன், போய்யா." விடாமல் கெஞ்சி, பாதித் தூக்கத்திலேயே கரைக்கு ஏற்றினோம். காலையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. போய்ப் பார்த்தால் கரையில் உட்கார்ந்து, பாயை எடுக்க விடாமல் இழுத்து வந்துவிட்டோம் என்று எங்களை வைதுகொண்டிருந்தார். கால்மாட்டில் நின்றுதான் எழுப்பினேன் அண்ணே, அப்படியும் வசவுதான். பாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.