வெளிநாட்டுப் படிப்புக்கு எத்தனை ரெகமண்டேஷன் லெட்டர் (சிபாரிசுக் கடிதம்) அனுப்பினீங்க? அனுபவம் சொல்லுங்க

ஈசிஇ 2005:
எம்எஸ் அப்ளிகேஷன். அப்போ எல்லாமே கவர்தான். டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட், ஒட்டின இடத்துல குறுக்கே கையெழுத்து, அதுமேல செலோடேப். ஏழு யுனிவர்சிட்டிங்கறதால ஆளுக்கு ஏழு கவர். கேட்டது மூணு லெட்டர்: ஹெச்ஓடி, ப்ராஜெக்ட் கைடு, லேப் சார். மூணும் கைக்கு வந்தாச்சு.

அந்த நேரம் பார்த்து அப்பாவோட நண்பர், பொதுத்துறைல ஜெனரல் மேனேஜர், தானும் தர்றேன்னார். என்னை ரெண்டு கல்யாணத்துல பார்த்திருக்கார், அவ்வளவுதான். மூணுன்னா மூணுதானேன்னு லேப் சார் கவரை எடுத்துட்டு அவரோடதை வெச்சேன். பதவி பெருசாச்சே.

அட்மிஷன் வந்து ஸ்வீட் கொடுக்கப் போனேன். லேப் சார் எழுந்து நின்னு கை கொடுத்தார். "என் லெட்டர் ஏதாவது பிரயோஜனப்பட்டுச்சாப்பா?"ன்னார். "ஆமா சார்"னு சொல்லிட்டேன். அந்த ஏழு கவரும் வீட்டுப் பரண்ல இருக்கு. இன்னிவரைக்கும் ஒண்ணைக்கூடப் பிரிக்கல.

திருச்சி அம்மா:
எங்களுக்கு ப்ளஸ் டூ முடிச்சு நேரா அமெரிக்கா. எம்ஐடி ரெண்டு ஆசிரியர் லெட்டர் கேட்கும். கணக்கு, அறிவியல் பக்கம் ஒருத்தர்; மொழி, வரலாறு மாதிரி பாடத்துல ஒருத்தர். பிசிக்ஸ் சார், கணக்கு மிஸ், கெமிஸ்ட்ரி மிஸ் மூணு பேருமே தயார். ரெண்டாவது வகைக்குத்தான் திண்டாட்டம். பொண்ணு தமிழ் ஐயாகிட்ட போய் நின்னா. "எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராதேம்மா"ன்னிருக்கார். ஆனா மறுநாளே ரெண்டு பக்கம் தமிழ்ல கைப்பட எழுதிக் கொண்டுவந்துட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இங்கிலீஷ் மிஸ் பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்த்தாங்களாம். பாதியில பேனாவை வெச்சுட்டு, "ஐயா, வெண்பாவுல தளை தட்டுதுன்னா அதை எப்படிச் சொல்றது?"ன்னு கேட்டாங்களாம். இவ எழுதின வெண்பாவுல தளை தட்டினதை இவளே கண்டுபிடிச்சுத் திருத்தினதை ஐயா எழுதியிருந்தாராம். அந்த மிஸ் பின்னாடி சொல்லித்தான் எனக்கே தெரியும். எம்ஐடி கிடைக்கல, வேற இடத்துல படிக்கிறா. கணக்கு மிஸ்ஸும் கெமிஸ்ட்ரி மிஸ்ஸும் "எங்ககிட்ட ஏன் கேட்கல?"ன்னு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசல.

டல்லாஸ்:
ஈசிஇ, நாலையும் அனுப்பியிருக்கலாமே? எனக்கு மூணு கேட்டாங்க. நாலாவதுக்கும் இடம் இருந்துச்சு, இன்டர்ன்ஷிப் மேனேஜர்கிட்ட வாங்கிப் போட்டேன், கிடைச்சுது.

இப்போ அப்ளை பண்றவங்களுக்குச் சொல்றேன். முதல்ல அந்தந்த யுனிவர்சிட்டி என்ன கேட்குதுன்னு பாருங்க. இங்கிலாந்துக்கு யூகாஸ் (அங்க யுனிவர்சிட்டிக்கெல்லாம் பொதுவா அப்ளை பண்ற இடம்) வழியா இளநிலைன்னா ஒரே ஒரு ரெஃபரன்ஸ். கலிபோர்னியா யுனிவர்சிட்டி இளநிலைக்கு பொதுவா லெட்டரே கேட்கறதில்ல, கேட்காம அனுப்பாதீங்க. காமன் ஆப்ல (நிறைய அமெரிக்கக் காலேஜுக்குப் பொதுவான அப்ளிகேஷன்) எத்தனை கட்டாயம், எத்தனை விருப்பம்னு காலேஜுக்குக் காலேஜ் மாறும். எம்எஸ்னா பெரும்பாலும் மூணு. கூடுதலா ஒண்ணு அனுப்பினா, மத்த மூணும் சொல்லாத விஷயம் அதுல இருக்கணும். மூணு சாரும் "நல்ல பையன், நல்ல மார்க்"னு எழுதினா நாலாவதும் அதையே சொல்லி என்ன ஆகப்போகுது? லெட்டரைப் பின்னாடி நீங்க படிக்கற உரிமையை விட்டுக்கொடுக்கறீங்களான்னு கேட்பாங்க, விட்டுக்கொடுத்துடுங்க. அப்போதான் அந்த லெட்டரை நம்புவாங்க. கடைசியா, யாராவது ஒருத்தர் டிசம்பர்ல மறந்துடுவார். அதனால கைவசம் இன்னொருத்தரை வெச்சுக்கோங்க.

கோவை பேராசிரியை:
டல்லாஸ் சார், நீங்க சொல்ற அந்தக் கைவச ஆள் நான்தான். டிசம்பர் 14 ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாணவி போன் பண்ணி அழுதா. ஹெச்ஓடி இன்னும் போடலையாம், மறுநாள் கடைசி நாளாம். விடியற வரைக்கும் உட்கார்ந்து எழுதினேன். மாணவி முதல் 5 சதவீதத்துல வருவாளா, 10 சதவீதத்துல வருவாளான்னு கேட்பாங்களே, அந்தக் கட்டத்தைக்கூட ரொம்ப யோசிச்சுத்தான் நிரப்பினேன். அனுப்பறதுக்கு முன்னாடியே லெட்டர் அப்லோட் பண்ற லிங்க் செத்துப்போச்சு. காலையில மெசேஜ்: "மேம், ஹெச்ஓடி சார் போட்டுட்டார், உங்களை எடுத்துட்டேன், சாரி." அவ நல்ல பொண்ணு. ஆனா எங்களுக்கும் அதே மாசம் பேப்பர் திருத்தற வேலை இருக்கு. யாரைக் கேட்கறோமோ அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. முதல் ஆளா, மாத்து ஆளான்னு தெரிஞ்சாலும் நான் எழுதித்தான் இருப்பேன்.

ஈசிஇ 2005:
மேடம், அந்தப் பொண்ணு அப்புறம் உங்களை வந்து பார்த்தாளா?
திருச்சி அம்மா, இங்கிலீஷ் மிஸ் கடைசியில தளைக்கு என்னதான் எழுதினாங்க?

திருச்சி அம்மா:
"தளை"ன்னே இங்கிலீஷ் எழுத்துல எழுதி, செய்யுள்ல ஒரு சீரோட கடைசி அசை அடுத்த சீரோட முதல் அசையோட எப்படிச் சேரணும்னு நாலு வரி விளக்கம் போட்டாங்களாம். ஐயா ஒவ்வொரு வரியா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.