ஒருங்கிணைப்பா, பொருத்தா? மென்பொருட் கருவிகளைச் சேர்ப்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கமும் ஸலாமும்.

மென்பொருட் கருவிகளை ஒன்றோடொன்று சேர்ப்பதைக் குறிக்கும் ‘இன்டகிரேசன்’ என்பதற்குப் ‘பொருத்து’ என்ற சொல்லை நான் முன்மொழிந்ததும் நண்பர்கள் பலர் மறுப்புகளும் மாற்றுச் சொற்களும் எழுதியிருந்தீர்கள். ‘ஒருங்கிணைப்பு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்றை ஏன் தேட வேண்டும் என்று கல்முனை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆயினும் மட்டக்களப்பில் இருந்து இயங்கும் எங்கள் சிறிய மென்பொருட் குழுவின் கையேட்டைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, முதற் பக்கத்திலேயே அச்சொல் எங்களைத் தடுக்கி விழுத்தியது. ‘ஒருங்கிணைப்பில் பழுது ஏற்பட்டால் யாருக்கு அறிவிப்பது’ என்று நான் இட்டிருந்த தலைப்பைப் படித்த, புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர், குழுவின் ஒருங்கிணைப்பாளரோடு பிணக்கு வந்தால் முறையிடும் வழி அது என்று விளங்கிக்கொண்டார். அவரில் பிழை இல்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் பற்றிய செய்தியை ஓயாமற் படிக்கும் ஊர் இது. 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பாளர்களைத் தெருவுக்குத் தெரு கண்டு பழகிய ஊரும் இதுவே. எங்கள் காதுக்கு ஒருங்கிணைப்பு என்பது ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசி முடிப்பது. கருவிகள் கூடிப் பேசுவதில்லை.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதனால் பொருளும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் இதே சொல்லைத் ‘தொகையீடு’ என்று படித்தார்கள்; அதனால் எவருக்கும் குழப்பம் வந்ததில்லை. நிலைத்த சொல்லைக் குலைக்க வேண்டாம் என்று எழுதிய நண்பர் சுவாமி விபுலானந்தரைத் துணைக்கு அழைத்திருந்தார். காரைதீவு தந்த அந்தப் பெருமகன் 1936 இல் சென்னையில் தலைமை தாங்கிய சொல்லாக்க மாநாட்டின் பயனாக 1938 இல் வெளிவந்த கலைச்சொற் தொகுதி துறைவாரியாகவே அமைந்தது என்பதை நண்பருக்கு மரியாதையோடு நினைவூட்டுகிறேன். துறை மாறினால் சொல்லும் மாறலாம் என்பது அந்த வகுப்பு முறையிலேயே அடங்கியிருக்கிறது.

எங்கள் துறைக்குள்ளேயே அச்சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. பலர் தனித்தனியே எழுதிய செய்நிரற் (புரோகிராம்) பகுதிகளை ஒரே மூலத்திற் சேர்த்துச் சோதிப்பது ஒன்று. இதற்குக் ‘கன்டினியுவஸ் இன்டகிரேசன்’ என்ற தொடரை 1990களின் முற்பகுதியில் மென்பொருட் பொறியியலாளர் கிரேடி பூச் பயன்படுத்தினார். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக்கின் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற மென்பொருள் ஆக்க முறை வழியாக அது பரவியபோது, மாதக்கணக்கிற் பிரிந்திருந்து எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்றாக்கித் தவிப்பதற்குப் பதிலாக, நாளுக்குப் பலமுறை சேர்த்துவிடுவதே அதன் கருத்தாயிற்று. இதைத் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்று எழுதி வருகிறோம். தொடர் என்றதும் தொலைக்காட்சித் தொடரும் தொடர்மழையும் அல்லவா நினைவுக்கு வருகின்றன? முறியாமல் நீள்வது தொடர்; இங்கே நடப்பதோ எழுதிய சூட்டோடு சேர்ப்பது. ‘உடனுக்குடன் சேர்ப்பு’ என்றால் எங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் ஐயாவுக்கும் பொருள் விளங்குகிறது. இப்படிச் சேர்த்துச் சோதிப்பதைத் தானாகச் செய்யும் ஹட்சன் என்ற கருவி 2011 இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியும் அதைப் பயன்படுத்தியவர்களின் வேலை நின்றுவிடவில்லை. ஒரு சொல்லை மாற்றுவதற்கு நாம் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

என்னை உண்மையில் அலைக்கழித்தது இரண்டாவது வேலை. செய்நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவியில் ஒருவர் பதிவிடும் மாற்றக் குறிப்பில் பணி இலக்கத்தை எழுதினால், பணிப் பட்டியலை வைத்திருக்கும் ‘ஜிரா’வில் அப்பணி தானாக அடுத்த நிலைக்கு நகர்கிறது. செய்நிரலைச் சேர்த்துக் கட்டும் கட்டுமானச் சேவையகம் சோதனைகளை ஓட்டுகிறது. முடிவு குழுவின் உரையாடல் அறையான ‘ஸ்லக்’கில் செய்தியாக விழுகிறது. வெவ்வேறு தரப்பினர் வெவ்வேறு காலத்தில் ஆக்கிய நான்கு கருவிகள் ஒரே உடலின் உறுப்புகள் போல நடந்துகொள்கின்றன. இங்கே ஒவ்வோர் இடைவெளியிலும் இருப்பதை ‘இணைப்பு’ எனலாமே என்றால், மின் இணைப்பு, நீர் இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு, இணையப் பக்க இணைப்பு என்று அச்சொல் ஏற்கெனவே மூச்சு முட்டி நிற்கிறது. ‘தொடுப்பு’ என்ற சொல்லுக்கு ஊர்ப் பேச்சில் என்ன பொருள் என்பதைப் பெரியவர்களும் படிக்கும் இவ்விடத்தில் நான் விரிக்கப் போவதில்லை.

மருதமுனை நண்பர் தம்மூர்க் கைத்தறியை முன்வைத்து ‘நெய்தல்’ என்பதைப் பரிந்துரைத்திருந்தார். அழகான சொல்; பாவும் ஊடையும் போலக் கருவிகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்கின்றன என்ற அவருடைய விளக்கமும் அழகானது. ஆனால் நெய்ததைக் குலைக்காமல் ஓர் இழையை உருவ முடியாது. கருவிகளைச் சேர்க்கும் கலையில் பாதி, நாளைக்கு ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடக்கூடியதாகச் சேர்ப்பதில் இருக்கிறது. 1964 இல் கணினி அறிஞர் டக் மக்கில்ராய் எழுதிய சிறு குறிப்பொன்றில், தோட்டத்து நீர்க்குழாயில் வேண்டும்போது இன்னொரு துண்டைத் திருகிப் பூட்டுவது போலச் செய்நிரல்களைச் சேர்க்க வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது 1973 இல் யுனிக்ஸ் இயக்க முறைமையில், ஒரு செய்நிரலின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுக்கும் ‘பைப்’ ஆக வந்து சேர்ந்தது. அவர் மனத்தில் இருந்ததும் திருகினாற் பூட்டவும் கழற்றவும் கூடிய ஒரு மூட்டுத்தான்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘பொருத்து’. தச்சர் இரண்டு மரங்கள் சேரும் இடத்தைப் பொருத்து என்பர். எண்ணிச் சொல்லவும் அது வசதியானது, ‘எங்கள் முறைமையில் ஆறு பொருத்துகள் உள்ளன’ என்று எழுதலாம். அதன் உறவுச் சொல்லான ‘பொருத்தம்’ வேறு ஒரு தேவையையும் நிறைவேற்றுகிறது. இரண்டு கருவிகளின் பதிப்புகள் ஒத்துப்போகுமா, ஒன்று அனுப்பும் தரவின் வடிவத்தை மற்றது ஏற்குமா என்று முன்கூட்டியே ஆராய்வதைப் பொருத்தம் பார்த்தல் எனலாம். பொருத்தம் பாராமற் பொருத்தக்கூடாது என்பதைக் கலியாண வயதில் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எழுந்த வலுவான மறுப்பு, வாழைச்சேனையில் இருந்து வந்த ‘பொருத்து வீடு’ என்ற ஒற்றை வரி. வடக்கிலும் கிழக்கிலும் 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டம் பேசப்பட்ட நாட்களில், எங்கோ செய்த உலோகத் துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டிய வீடு நம் வெயிலுக்கு உகந்ததா என்று எழுந்த விவாதத்தை நானும் மறக்கவில்லை. அந்தக் கசப்பு இச்சொல்லில் ஒட்டியிருக்கிறது என்பது மெய்தான். ஆனால் எங்கோ செய்த துண்டுகளை நம் இடத்திற்கு உகந்தனவா என்று பாராமற் பூட்டுவது மென்பொருளிலும் அன்றாடம் நடக்கும் தவறுதான். அந்த நினைவு சொல்லோடு வருவதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

எனக்கு இச்சொல்லை உறுதிப்படுத்தியது சென்ற மாரியில் நடந்த ஒரு சம்பவம். வாடிக்கையாளர் ஒருவர் அறிவித்த பிழை எங்கள் பணிப் பட்டியலில் வந்து விழுந்தும், உரையாடல் அறைக்கு அதன் செய்தி வரவில்லை. மூன்று நாட்கள் எவரும் அதைத் தொடவில்லை. பதிவேட்டில் நாங்களே தமிழாக்கி வைத்திருந்த செய்தி ‘ஒருங்கிணைப்புத் தோல்வி’ என்று மட்டும் சொன்னது. யாரோ வேண்டுமென்று நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு பகுதியினரும், அது சேவையகத்தின் கோளாறு என்று மற்றப் பகுதியினரும் எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். நடந்தது இதுதான்: அந்தப் பொருத்தை அமைத்தவர் வேலையை விட்டு விலகியிருந்தார், அவருடைய கணக்கு வழமைபோல மூடப்பட்டது, அவர் பெயரில் வழங்கப்பட்டிருந்த அணுகற் சாவியும் (ஒரு கருவி மற்றதனுள் நுழைவதற்கான கடவுச்சொல் போன்றது) அதனோடு செல்லாததாயிற்று. ஒருவரும் கழற்றவில்லை, தானாகக் கழன்றது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் ஓர் எழுத்திற் காட்டுகிறது. கழன்றது, கழற்றினார், பொருந்தவில்லை, பொருத்தவில்லை, ஓடியது, ஓட்டினார். தன்வினையும் பிறவினையும் இவ்வளவு கூர்மையாகப் பிரியும் மொழியில், தானியக்கம் பற்றிய கலைச்சொற்களை வெறும் பெயர்ச்சொற்களாக ஆக்கிவிட்டு வினையை மறந்துவிடுகிறோம். எது தானாக நடந்தது, எதை ஆள் செய்தார் என்பதுதானே தானியக்கத்தின் முழு வழக்கும். ‘இணை’ என்ற வினையும் இணைந்தது, இணைத்தது என்று பிரியும் என்று ஒருவர் சுட்டுவார், உண்மை. அதன்மேல் எனக்குள்ள குறை இடநெருக்கடி மட்டுமே. இப்போது எங்கள் பதிவேட்டில் ‘பொருத்து கழன்றது’ என்றும் ‘பொருத்து கழற்றப்பட்டது’ என்றும் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவதைக் கண்டால் சாவியைப் பார்க்கிறோம், இரண்டாவதைக் கண்டால் ஆளைக் கேட்கிறோம்.

ஒரு பணி படிப்படியாக நகர்ந்து முடியும் ஒழுங்கைக் குறிக்கும் ‘வேர்க்புளோ’ என்பதற்கு ‘பணியோட்டம்’ என்றும் ‘பணிப்பாய்ச்சல்’ என்றும் இரண்டு பரிந்துரைகள் வந்திருந்தன. பாடசாலையிற் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைந்தவர்களுக்கு இரண்டாவது பழகியது என்பது ஒருபுறம் இருக்க, மேற்சொன்ன காரணமே இங்கும் பொருந்துகிறது. உன்னிச்சைக் குளத்து நீர் வாய்க்கால் வழியே தானாகப் பாய்கிறது. ஆனால் எந்த வட்டைக்கு (வயற்பரப்புக்கு) எப்போது என்பதை நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை பார்க்கிறார், வரம்பில் நீர் செல்லும் திறப்பான வக்கடையை வெட்டுவதும் கட்டுவதும் வயற்காரரின் கை. வயலுக்கு நீர் பாய்ச்சப்படுகிறது; ஆகவே நான் ‘பணிப்பாய்ச்சல்’ பக்கம். குழுவின் பணியும் அப்படித்தான்: சோதனைகள் தானாக ஓடி முடிந்தாலும், மூத்தவர் ஒருவர் பார்த்து அனுமதிக்கும் வரை மாற்றம் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது. அந்த இடத்தை எங்கள் கையேட்டில் ‘வக்கடை’ என்றே எழுதிவிட்டோம். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் இச்சொல் விளங்காமற் போகலாம் என்பதால் பொதுச் சொல்லாக இதை வற்புறுத்தமாட்டேன். ‘அனுமதிப் படி’ என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகளுக்கு வக்கடை போதும்.

மிஞ்சியிருப்பது ‘வெப்ஹூக்’. 2007 இல் ஜெஃப் லிண்ட்சே இட்ட பெயர் அது. ஒரு நிகழ்வு நடந்தவுடன், மற்றக் கருவி முன்கூட்டியே கொடுத்துவைத்த முகவரிக்குச் செய்தியைத் தள்ளிவிடும் ஏற்பாடு. ‘ஏதும் நடந்ததா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கும் தொல்லை இதில் இல்லை. அக்கரைப்பற்று ஆசிரியை முன்வைத்த ‘கொளுவி’ இதற்குக் கச்சிதமானது: சட்டையைக் கொளுவிவிடுவது போல, நிகழ்வில் ஒரு முகவரியைக் கொளுவிவிடுகிறோம். ‘கொளுவல்’ என்றால் சண்டை அல்லவா என்று சிலர் சிரிக்கக்கூடும். பெயரைக் ‘கொளுவி’ என்று நிறுத்திக்கொண்டால் அந்தச் சிரிப்பும் அடங்கிவிடும். பேச்சிலும் கடைப் பட்டியல்களிலும் ‘கொழுவி’, ‘கொழுக்கி’ என்று ழகரத்தோடும், அகராதியில் ‘கொளுவு’ என்று ளகரத்தோடும் இச்சொல்லைக் காண்கிறேன். நான் ளகரத்தின் பக்கம். கையேட்டை அச்சுக்குக் கொடுக்குமுன் ஆசிரியை இதுபற்றி ஒரு வரி எழுதினால், பிந்திய பக்கங்களில் அதற்கேற்பத் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து