மறுமொழி: ராக்கெட் ஏவலில் வரும் 'ஹோல்டு' தமிழில் என்ன?

ந. எழுதியது:

அன்பின் குழுவினருக்கு,

பழைய அறிபுனைப் படங்களுக்கும் நாசாவின் ஏவல் ஒளிப்பதிவுகளுக்கும் தமிழ்த் துணையுரை எழுதிவருகிறோம். 'கவுண்ட் டவுன்' பற்றிப் பெரிய குழப்பம் இல்லை. ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த 'நிலவில் பெண்' ஊமைப்படம். எழுத்து அட்டைகளில் எண்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 'இப்போது!' என்று பெரிதாக விழும். ஏறுமுகமாக எண்ணினால் எங்கே முடியும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, இறங்குமுகமாக எண்ணினால் தெரியும் என்று லாங் பின்னாளில் காரணம் சொன்னார். அங்கே 'இறங்குமுக எண்ணிக்கை' கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

அப்பல்லோ, ஷட்டில் (நாசாவின் விண்வெளி ஓடம்) பதிவுகளில்தான் சிக்கல். ஏவலுக்கு முன் இறங்குமுகமாக ஓடும் கடிகாரத்தை இடையில் நிறுத்திவைப்பதை 'ஹோல்டு' என்கிறார்கள். 'ஹோல்டு'க்கு 'நிறுத்தம்' என்று போடலாமா? சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

வே. எழுதியது:

> 'ஹோல்டு'க்கு 'நிறுத்தம்' என்று போடலாமா?

வேண்டாம். 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 ஏவலுக்கு 56 நிமிடம் 24 நொடி இருக்கையில் கடிகாரம் நின்றது. அன்றைக்கு ஏவல் இல்லை என்று அறிவித்தார்கள். ஜூலை 22இல்தான் பறந்தது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனைக் கலம் டி-வி-டி1 ஏவலுக்கு 5 நொடி இருக்கையில் கணினி தானாக நிறுத்தியது. கோளாறைச் சரிபார்த்து, அதே நாள் காலை 10 மணிக்கே ஏவிவிட்டார்கள். இரண்டுக்கும் 'நிறுத்தம்' என்றால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? முதலாவது முடிவில் ஒத்திவைப்பு. இரண்டாவதுதான் உண்மையான ஹோல்டு: கடிகாரம் நிற்கிறது, வேலை நிற்கவில்லை.

இன்னொன்று. ஹோல்டு என்றால் கோளாறு என்றே பலர் நினைக்கிறார்கள். 2011 வரை பறந்த ஷட்டிலுக்குக் கடிகாரம் டி-43 மணியில், அதாவது கடிகாரப்படி ஏவலுக்கு 43 மணி நேரம் இருக்கையில், தொடங்கும். ஆனால் ஏவலுக்கு உண்மையில் ஏறக்குறைய மூன்று நாள் ஆனது. இடையில் உள்ள நேரமெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்த ஹோல்டுகள். டி-20 நிமிடத்தில் ஒன்று, டி-9 நிமிடத்தில் ஒன்று. பிற்காலப் பயணங்களில் அந்தக் கடைசி ஹோல்டு முக்கால் மணி அளவுக்கு நீண்டது. பிந்திய வேலைகளை முடிக்கவும், ஒவ்வொரு பிரிவிடமும் ஒப்புதல் கேட்கவும் அந்த இடைவெளி.

ஆகவே 'டி-9 நிமிடம்' என்பதை 'இன்னும் 9 நிமிடத்தில் புறப்பாடு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். திரையில் அப்படிப் போட்டால் முக்கால் மணி நேரத்துக்கு அது பொய்யாகவே நிற்கும். 'டி-9 நிமிடம்' என்றே விடுங்கள். டி என்பது நிற்கக்கூடிய கடிகாரம். நிற்காத கடிகாரத்துக்கு அவர்கள் எல் என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள்.

சி. எழுதியது:

வே. ஐயா சொல்வது சரி. எங்கள் பக்கம் ஒரு சொல் கையிலேயே இருக்கிறது: தரிப்பு. இலங்கையில் பேருந்து நின்று போகும் இடம் பேருந்துத் தரிப்பிடம். வண்டி விடும் இடம் வாகனத் தரிப்பிடம். பலகைகளில் எழுதியே இருக்கும். தரித்து நிற்பது என்றால் நின்று, பிறகு புறப்படுவது. பயணம் முடிந்துவிட்டது என்ற பொருள் அதில் இல்லை.

முன்கூட்டி வைத்ததற்குத் 'திட்டத் தரிப்பு'. கோளாறால் வந்ததற்கு 'திடீர்த் தரிப்பு'.

க. எழுதியது:

சொல் அழகுதான். ஆனால் தமிழ்நாட்டில் தரித்தல் என்றால் உடுத்தல். 'தரிப்பு' என்று தனியாகப் போட்டால் கருத்தரிப்பு மைய விளம்பரப் பலகைதான் பலருக்கு நினைவு வரும். 'இடைநிறுத்தம்' போதாதா?

சி. எழுதியது:

இடைநிறுத்தம் எங்களுக்கு வேலையிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக விலக்குவது. அங்கே குழப்பம் இன்னும் கூடும். 'டி-9 நிமிடத்தில் தரிப்பு' என்று எண்ணோடு சேர்த்து வரும்போது எந்த வாசகரும் மகப்பேறு பற்றி நினைக்கமாட்டார்.

வே. எழுதியது:

எண்ணோடு சேர்த்து எழுதுவது என்றால் தரிப்புக்கு என் ஓட்டு. கூடவே இரண்டு சொல் தேவை.

அப்பல்லோ 17, 1972 டிசம்பர்: டி-30 நொடியில், கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பும் தானியங்கி வரிசை நின்றது. ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தின் திரவ ஆக்சிஜன் தொட்டிக்கு அழுத்தம் ஏற்றும் கட்டளையை அது அனுப்பவில்லை. ஆட்கள் கையால் அழுத்தம் ஏற்றினார்கள். ஆனாலும் வரிசை தன் கட்டளை போகவில்லை என்றே கணக்கில் வைத்திருந்தது. கடிகாரத்தை டி-22 நிமிடத்துக்குப் பின்னே தள்ளி, மொத்தம் 2 மணி 40 நிமிடம் தாமதித்து ஏவினார்கள். இப்படிக் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதற்குப் 'பின்வைப்பு'. அன்றைக்கு ஏவலே இல்லை என்றால் நாளிதழ்கள் எழுதும் 'ஒத்திவைப்பு' போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம்.

எல்லா இடத்திலும் தரிக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். ஷட்டிலில் டி-5 நிமிடத்தில் ஹைட்ராலிக் விசைக்கான துணைத் திறன் அலகுகள் ஓடத் தொடங்கும்; அவற்றின் ஹைட்ரசின் எரிபொருள் அளவானது. அதன்பின் சில நிமிடம்தான் தாங்கும். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் இன்னும் கறார்: மிகக் குளிரூட்டிய ஆக்சிஜனை டி-35 நிமிடம் முதல்தான் ஏற்றுகிறார்கள், காத்திருந்தால் சூடேறிவிடும். விண்வெளி நிலையத்துக்குப் போகும் கலம் என்றால் ஏவல் வாய்ப்பே ஒரு கணம்தான். அங்கே ஏவல் குழுவின் பேச்சுத் தொடர்பில் யாராவது 'ஹோல்டு, ஹோல்டு, ஹோல்டு' என்று கத்தினால் அது பெரும்பாலும் அன்றைய ஏவலுக்கு முற்றுப்புள்ளி. அந்த இடத்தில் 'தரிப்பு' என்று போட்டால் தப்பாகும்.

க. எழுதியது:

அப்படியானால் கட்டளைக்கு வேறு சொல். கத்துவது 'நிறுத்து!' என்று இருக்கட்டும். கடிகாரம் நிற்கும் நிலைக்குத் 'தரிப்பு'. ந. முதலில் கேட்ட சொல்லுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

சோவியத் பதிவுகளில் இந்த எதையுமே திணிக்க வேண்டாம். அங்கே பத்து, ஒன்பது என்று எண்ணும் வழக்கம் கிடையாது. ககாரின் புறப்பட்ட ஒலிப்பதிவில் ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் கொரலியோவ் சொல்வது எஞ்சினின் படிநிலைகளை: 'பற்றவைப்பு… முன்நிலை… இடைநிலை… முதன்மை… எழுச்சி!' துணையுரையில் எண் சேர்க்கத் தேவையே இல்லை.

ந. எழுதியது:

சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்: தரிப்பு, திட்டத் தரிப்பு, திடீர்த் தரிப்பு, பின்வைப்பு, ஒத்திவைப்பு, கட்டளை 'நிறுத்து!'. முதல் முறை வரும்போது மட்டும் 'தரிப்பு: கடிகாரம் நிற்கிறது' என்று போட்டுவிட்டால் தமிழ்நாட்டுப் பார்வையாளரும் பிடித்துக்கொள்வார்.

ஒரு கேள்வி பாக்கி. அப்பல்லோ கலங்கள் நிலவுக்குக் கிளம்பும் முன் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் 'பார்க்கிங்' பாதையைத் தரிப்புப் பாதை எனலாமா? அங்கே கலம் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. சி. என்ன சொல்கிறீர்கள்?